மூன்றாவது விலைக்கூறு

முதலாவது கொழும்பிலிருந்து வந்தது.
ஐம்பது தொன் பாரந்தூக்கி, வாடகை, காப்புறுதி,
ஒன்பது லட்சத்துச் சொச்சம்.
கினிகத்தேனை வளைவில் அது திரும்பாது என்று
நான்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது, நீர்கொழும்புச் சுழியோடிகள்.
அடிக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு.
'குளிருக்குத் தனி' என்று
கடைசியில் பேனையால் எழுதியிருந்தது.

அறுபத்திரண்டு அடிப் படகு.
நான்கு துண்டாக லொறியில் மலையேறி
மவுசாக்கலைக் கரையில் ஒட்டப்பட்டது.
இனி இறங்கிப் போக அதற்கு வழியில்லை.
மேல்தட்டில் கலியாணம், கீழ்த்தட்டில் பஃபே,
அதற்கும் கீழே மூன்று வருசப் பாசி.
ஒரு சுற்று வர முன்பு இருபது லீற்றர் டீசல்,
இப்போது முப்பத்தைந்து.
கணக்கெழுதுகிறவள் நான்.
படகுக்கு முன்னால் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"ரெண்டு லட்சத்துக்குள்ள முடிங்க, மிஸ் கோகிலவாணி"
என்றார் முதலாளி அபேகோன், தொலைபேசியில்.
பின்னால் அவருடைய ஏசி இரைந்தது.

அந்த இரைச்சலில்தான் எனக்குப் பட்டது.

பங்குனியில் கொழும்பு வியர்க்கும்.
வியர்த்தால் விசிறி போடும்.
விசிறி சுற்ற எங்கள் தண்ணீர்தான்
சுரங்கத்தில் விழுந்து ஓடவேண்டும்.
கரையில் ஒரு மட்டக்கம்பை நட்டுக்
காலையில் கோடு கீறினேன்.
மறுநாள் கோட்டுக்கு ஒன்றரைச் சாண் கீழே தண்ணீர்.

அணைக்கட்டு நவரத்தினம் சொன்னார்:
"மழை வராட்டி இன்னும் எறங்கும்.
வந்தா நான் பொறுப்பில்ல."
கடிதத்தலைப்பு இல்லை, வரி இல்லை.

சேற்றில் உட்கார்ந்தால் படகு எழும்பாது.
ஆனால் அடியில் எங்கோ
பழைய தார் ரோட்டு கிடக்கிறது.
சவுக்குக் கழியால் இரண்டு பின்னேரம் குத்தினோம்.
சேறு, சேறு, சேறு,
பிறகு, டக்.
அங்கேயே நங்கூரம்.

பன்னிரண்டாம் நாள் விடியலில் ஒரு முனகல்.
டயர், சவுக்குக் கட்டை, கொழுந்துச் சாக்கு
ஆறு இடத்தில் முட்டுக் கொடுத்திருக்க,
படுக்கப் பிடிக்காத எருமைபோல
படகு உட்கார்ந்தது.
சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல்,
எண் அழிந்து.

ஞாயிற்றுக்கிழமை. கைக்காசு நாள்.
மேற்பிரிவிலிருந்து பதினெட்டுப் பெண்கள்
கொழுந்துக்குப் போகாமல் இங்கே வந்தார்கள்,
தோளில் சுரண்டியோடு.
"ஆயிரத்தெண்ணூறு" என்றேன்.
செல்வமேரி பதில் சொல்லவில்லை.
படகை ஒருமுறை சுற்றி நடந்து
எட்டு வைத்து எண்ணிவிட்டு வந்தாள்.
"இது அரைப் பேருக்கு முடியிற வயிறில்ல.
மூவாயிரம். பகலைக்கு மேல்தட்டுச் சோறு."

சுரண்டி பட்டால் பெயின்ட் போகும் என்றதும்
காலி உரப் பீப்பாயை அறுத்து
ஆளுக்கொரு தகடு எடுத்துக்கொண்டார்கள்.
பாசி பாய்பாயாகக் கழன்றது.
கழன்ற இடத்தில் ஒரு நீலம்.
படகுக்கு அப்படி ஒரு நிறம் இருந்ததே
எனக்கு மறந்துபோயிருந்தது.
சோறு வந்தபோது ஏணி வைத்தேன்.
கையெல்லாம் நாத்தம் என்று
ரோட்டிலேயே வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

முட்டுக்கட்டைகளைத் திங்கட்கிழமை நகர்த்தி
மிச்சத்தையும் எடுப்பதாக இருந்தது.
ஞாயிறு இரவே
சிவனொளிபாதமலைப் பக்கம் இடித்தது.
விடிய, மைல்கல்லைக் காணோம்.
மூன்றாம் நாள் படகு தானாக எழும்பியது,
அடியில் ஆறு பச்சைச் சதுரங்களோடு.

எண்பத்தேழாயிரத்து நானூறு.
முதலாளி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
"எப்பிடி?" என்றார். ஏசி இரைந்தது.
தண்ணி வத்திச்சு சேர், என்றேன்.
ஆறு சதுரங்களைப் பற்றிப் பேசவில்லை.

மஸ்கெலியா பஸ்ஸில் யாரோ செல்வமேரியிடம்
அந்தக் கப்பல் உள்ளுக்கு எப்படி என்று
கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
"உள்ளுக்குத் தெரியாது" என்றாள்.
"அடியக் கேளு, சொல்றேன்."